ஷிப்ட் பட்டியலை எழுதுவது யார்? பணிநேர நெகிழ்வும் குடும்பப் பொறுப்பும்

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், இடைவேளை உட்பட ஒரு நாள் வேலை பத்தரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும் என்பன போன்ற வரம்புகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை 65ஏ என்ற புதிய பிரிவு அரசுக்குத் தந்தது. நெகிழ்வான வேலை நேரத்தைத் தொழில் நிறுவனங்கள் கேட்கின்றன, விரும்பும் தொழிலாளர்களுக்கு மட்டுமே இது பொருந்தும், நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் உழைப்பவருக்கு மூன்று நாள் ஓய்வு கிடைக்கும் என்று அரசுத் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் போராட்டத்துக்குத் தயாராயின. மூன்றே நாளில் சட்டமுன்வடிவு நிறுத்திவைக்கப்பட்டது. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார்.

பிரிட்டனில் கடந்த இருபது ஆண்டுகளில் நடந்தது வேறு. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி முதலாளியிடம் விண்ணப்பிக்கும் சட்ட உரிமை அங்கே 2003-இல் சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு வந்தது. முதியோரையும் நோயாளிகளையும் பராமரிப்போருக்கு 2007-இல் விரிந்தது. 2014-இல் 26 வாரப் பணி முடித்த எல்லா ஊழியர்களுக்கும் உரியதாயிற்று. 2024 ஏப்ரல் 6 முதல் பணியில் சேரும் நாளிலிருந்தே கிடைக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் தொழிற்சங்கங்கள் இதை வரவேற்றதோடு, போதாது என்றும் சொல்லிவந்தன. அங்கே சங்கங்கள் கேட்டு வாங்கிய ஒன்றை இங்கே சங்கங்கள் தெருவில் இறங்கி எதிர்க்க நேர்ந்தது ஏன் என்ற கேள்விக்கு, இரு நாட்டுத் தொழிலாளர்களின் மனநிலை வேறு என்று பதில் சொல்லிவிட முடியாது. பிரிட்டனின் சட்டத்தில் விண்ணப்பம் எழுதுபவர் ஊழியர். தமிழ்நாட்டுத் திருத்தத்தில் விலக்கு கேட்டு விண்ணப்பிக்க வேண்டியவை நிறுவனங்கள். வேலை நேரம் எப்போது, யாருக்காக வளையும் என்பதை முடிவு செய்பவர் யார் என்பதைப் பொறுத்தே, தன் வேலையைப் பற்றி ஒருவர் கொள்ளும் எண்ணம் மாறுகிறது. இது குறித்து நடந்திருக்கும் ஆய்வுகளும் பெரும்பாலும் இந்த முடிவுக்கே இட்டுச்செல்கின்றன.

அலுவலகங்களில் நெகிழ்வு நேரம் ஒரு முறையாக அமலுக்கு வந்தது மேற்கு ஜெர்மனியில். ம்யூனிக் அருகே ஓட்டோப்ரூனில் இயங்கிய விமானத் தயாரிப்பு நிறுவனம் ஒன்று 1967-இல் அதைத் தொடங்கியது. எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் கிளம்பியதால் வாசலில் ஏற்பட்ட போக்குவரத்து நெரிசலும், தாமத வருகையும் அந்த நிறுவனத்துக்குப் பெரிய தலைவலியாக இருந்தன. கிறிஸ்டல் கேமரர் என்ற பொருளியலாளர், குடும்பப் பொறுப்பால் வீட்டிலேயே இருந்துவிட்ட பெண்களை வேலைக்குக் கொண்டுவரும் வழியாக இந்த யோசனையை ஏற்கெனவே முன்வைத்திருந்தார். நடுப்பகல் சார்ந்த சில மணி நேரம் எல்லோரும் இருக்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் எப்போது வருவது, எப்போது போவது என்பதை ஊழியரே வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்திலேயே நிறுவனத்தின் தேவையும் குடும்பத்தின் தேவையும் இந்த ஏற்பாட்டில் பிணைந்திருந்தன என்பதை மறந்துவிடக் கூடாது. நெகிழ்வு என்பது ஊழியருக்குக் காட்டப்படும் சலுகை என்ற பேச்சு பின்னால் வந்து சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டால் ஊழியரின் மனப்பாங்கு உண்மையிலேயே மாறுகிறதா? பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுதிரட்டி 1999-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பகுப்பாய்வு, மாறுகிறது என்றே சொன்னது. வேலையில் நிறைவு கூடுகிறது, வேலை நேரத்தைப் பற்றிய நிறைவு இன்னும் கூடுகிறது, சொல்லாமல் லீவு போடுவது தெளிவாகக் குறைகிறது. அதே பகுப்பாய்வு வேறு சிலவற்றையும் கண்டது. காலம் செல்லச் செல்ல இந்த நன்மை தேய்கிறது. பழகிப்போனது சலுகையாகத் தெரிவதில்லை. மேலாளர்களுக்கும் உயர்நிலைத் தொழில்நுட்பர்களுக்கும் பெரிய வித்தியாசம் தென்படவில்லை, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே தங்கள் நேரத்தை ஓரளவு தாங்களே வைத்துக்கொள்பவர்கள். நேரத்தின் கைப்பிடி யாரிடம் இல்லையோ அவருக்கு அதைக் கொடுக்கும்போதுதான் மனம் மாறுகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இதைவிடக் கூர்மையான சான்று 2017-இல் வந்தது. அலெக்சாண்டர் மாஸ், அமாண்டா பல்லாய்ஸ் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்காவில் கால் சென்டர் வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம், வெவ்வேறு நேர ஏற்பாடுகளையும் வெவ்வேறு சம்பளங்களையும் முன்வைத்து எதைத் தேர்கிறார்கள் என்று பார்த்தனர். வருகை நேரத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளும் வசதிக்காகச் சம்பளத்தை விட்டுக்கொடுக்கப் பெரும்பாலோர் முன்வரவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதிக்குச் சராசரியாக 8 விழுக்காடு குறைந்த சம்பளத்தை ஏற்கத் தயாராக இருந்தனர். ஆனால் ஒரு வார முன்னறிவிப்பில் முதலாளி தன் இஷ்டப்படி நேரத்தை மாற்றும் வேலையைத் தவிர்ப்பதற்குச் சராசரியாக 20 விழுக்காடு சம்பளத்தையே இழக்க முன்வந்தார்கள். சிறு குழந்தைகளை உடைய பெண்களிடம் இந்த வெறுப்பு இன்னும் வலுவாக இருந்தது. மாலை வேலையும் சனி, ஞாயிறு வேலையும் தங்கள் தலையில் விழும் என்ற அச்சமே இதற்கு முதன்மைக் காரணம். வழக்கமான ஒன்பது முதல் ஐந்து மணி வேலை பலருக்கும் சுமையாகப்படவில்லை. நாளை மறுநாள் எத்தனை மணிக்கு வீடு திரும்புவோம் என்று தெரியாத வேலையே அவர்களுக்குச் சுமையாகப்பட்டது.

ஷாங்காயைத் தலைமையிடமாகக் கொண்ட டிரிப்.காம் என்ற பயண நிறுவனத்தில் நிக்கோலஸ் ப்ளூமும் உடனாய்வாளர்களும் நடத்திய பரிசோதனை 2024-இல் வெளியானது. 1,612 ஊழியர்களில் ஒரு பாதியினர் வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தனர். மறுபாதியினர் ஐந்து நாளும் அலுவலகம் வந்தனர். இரண்டு நாள் வீட்டில் இருந்தவர்களிடையே வேலையை விட்டு விலகுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களிடமும், மேலாளர் அல்லாதவர்களிடமும், தொலைவிலிருந்து வருபவர்களிடமும் இந்தக் குறைவு தெளிவாக இருந்தது. மதிப்பீட்டிலோ பதவி உயர்விலோ பின்னடைவு இல்லை. மேலாளர்களின் மாற்றம் எனக்கு இன்னும் முக்கியமாகப்படுகிறது. பரிசோதனைக்கு முன்பு இந்த ஏற்பாட்டால் உற்பத்தித்திறன் 2.6 விழுக்காடு குறையும் என்று அவர்கள் சராசரியாகக் கணித்திருந்தார்கள். முடிந்த பின்பு கேட்டபோது 1 விழுக்காடு கூடும் என்றார்கள். மனப்பாங்கு என்றதும் ஊழியரின் மனப்பாங்கை மட்டுமே நாம் பேசுகிறோம். கண்ணெதிரே உட்கார்ந்திருப்பவரே உழைப்பவர் என்ற மேலாளரின் மனப்பாங்கும் அனுபவத்தால் மாறக்கூடியது என்பதற்கு இது சான்று.

இனி வீட்டுப் பக்கம். இந்தியாவில் 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் 81.2 விழுக்காடு பெண்கள் ஈடுபட்டனர்; ஆண்களில் 26.1 விழுக்காட்டினர். ஈடுபட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் பெண்கள் நாளுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். 2024 கணக்கெடுப்பில் இவை 289, 88 என்று இரண்டுமே சற்றுக் குறைந்தனவே தவிர இடைவெளி அப்படியே இருக்கிறது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம் என்ற இந்த மொத்தக் கணக்கைவிட, அது நாளின் எந்தப் பொழுதில் விழுகிறது என்பதே வேலைக்குப் போகும் பெண்ணை அதிகம் நெருக்குகிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரம், பள்ளி வேன் வரும் நேரம், டிபன் பாக்ஸ் கட்டும் நேரம், மாமனாருக்கு மாத்திரை கொடுக்கும் நேரம் எல்லாம் காலை ஆறுக்கும் எட்டரைக்கும் இடையில் நெருங்கி நிற்கின்றன, அவற்றில் ஒன்றையும் இரவுக்குத் தள்ளிவைக்க முடியாது. அலுவலகம் அரை மணி நேரம் விட்டுக்கொடுத்தால் அந்த அரை மணி நேரம் எத்தனை பெரியது என்பது, மாதத்துக்கு இத்தனை பெர்மிஷன்தான் என்று எண்ணி எண்ணிச் செலவழிக்கும் எந்தப் பெண் ஊழியரைக் கேட்டாலும் தெரியும்.

அதனால்தான், நேரச் சலுகை என்று யாரும் கருதாத சில அரசுத் திட்டங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று சொல்கிறேன். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க விரிந்த காலை உணவுத் திட்டம் குழந்தைகளின் பசியைப் போக்க வந்தது. முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ கிடைக்கும்போது, கட்டட வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் இருட்டோடு கிளம்பும் தாயின் காலைப் பொழுதிலிருந்து ஒரு வேலை இறங்குகிறது. நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்கு வந்த கட்டணமில்லாப் பயணமும் அப்படியே. எந்த முதலாளியின் கருணையையும் சாராமல் கிடைக்கும் நேரம் இது.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பேச்சு மற்ற மாநிலங்களைவிட அதிகமாகவே பொருந்தும். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் இங்கே இருக்கிறார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலையை மணிக்கணக்கில் சொல்வதைவிட ஷிப்ட் கணக்கில் சொல்வதே வழக்கம். காலை எட்டரை வாக்கில் தொடங்கி மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட்; இரவு எட்டு, எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட். ஷிப்மென்ட் நெருங்கினால் “இன்னைக்கு ஒன்றரை பார்க்கணும்” என்ற சொல் மதியத்துக்கு மேல்தான் லைனுக்கு வரும். பவர் டேபிள் என்ற தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போட்டு, “கொஞ்சம் பிள்ளைகளைப் பார்த்துக்கங்க” என்று சொல்ல வேண்டியிருக்கும். மறுத்துவிட்டுக் கிளம்பலாம், சட்டமும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் அடுத்த வாரம் ஆர்டர் குறைந்தால் முதலில் யாருக்கு வேலை இல்லாமல் போகும் என்பது அவருக்குத் தெரியும். கூடுதல் அரை ஷிப்ட் சம்பளமும் வேண்டியிருக்கிறது, அடுத்த ஆண்டுப் பள்ளிக் கட்டணம் அதில்தான் இருக்கிறது. விருப்பமுள்ள தொழிலாளர்களுக்கு மட்டும் என்று 2023-இல் அரசு சொன்னபோது ஏன் ஒருவரும் நம்பவில்லை என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். விருப்பத்தைச் சொல்லும் இடத்தில் தொழிலாளி இல்லை.

நேரம் முழுக்கத் தன் கையில் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது என்பதற்குத் திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளின் பீடித் தொழில் சான்று. கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, வீட்டுத் திண்ணையில் சுளகை மடியில் வைத்துச் சுற்றும் பெண்ணுக்கு வருகைப் பதிவு கிடையாது, மேஸ்திரி கிடையாது. உலை கொதிக்கும்போது எழுந்து போகலாம், குழந்தை அழுதால் தூக்கிக்கொள்ளலாம். கணினியில் வீட்டிலிருந்து வேலை செய்வது பற்றி உலகம் பேசத் தொடங்குவதற்குப் பல தலைமுறைக்கு முன்பே இந்த ஊர்ப் பெண்கள் அதைச் செய்துவந்திருக்கிறார்கள். ஆனால் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதாக இருக்கிறது, ஆயிரம் சுற்ற ஒரு முழு நாள் ஆகிறது, இலை மட்டமாக இருந்தால் எண்ணிக்கை தேறாது, கடையில் கழித்துவிடும் பீடிக்குக் கூலி இல்லை. பகலில் வீட்டு வேலை இழுத்த நேரத்தை இரவில் விளக்கடியில் ஈடுகட்ட வேண்டும். பல வீடுகளில் பெண் பிள்ளைகளும் கூட உட்கார வேண்டியிருந்தது. 1966-ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது பெரிய முன்னேற்றம். அப்படி ஏற்காமல் விட்டிருந்தால் வைப்பு நிதிக்கும் மருத்துவ உதவிக்கும் வழியே இருந்திருக்காது. நேரத்தை ஆளும் உரிமையோடு கூலியின் உறுதியும் சேரும்போதே நெகிழ்வுக்குப் பொருள் உண்டு.

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனங்களில் நிலைமை வேறு. இங்கே சம்பளம் உறுதியானது, வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்வது பல நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. ஆனால் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் வித்தியாசம் இருப்பதால், அங்கே வாடிக்கையாளர் காலை பத்து மணிக்குக் கூப்பிடும் அழைப்பு இங்கே இரவு ஏழரைக்கோ எட்டரைக்கோ வருகிறது. குழந்தைக்குச் சோறூட்டி வீட்டுப்பாடம் பார்க்கும் நேரம் சரியாக அதுதான். பகலில் இரண்டு மணி நேரம் சும்மா கிடைத்தாலும், தேவைப்படும் இரண்டு மணி நேரம் அதுவல்ல. அந்த அழைப்பை யார் எடுக்கிறார், யார் அடுப்படிக்குப் போகிறார் என்பது கணவனும் மனைவியும் ஒரே துறையில் ஒரே சம்பளத்தில் இருக்கும் வீடுகளில்கூடப் பெரும்பாலும் பேசாமலேயே முடிவாகிவிடுகிறது.

இந்த இடத்தைப் பொருளியலாளர் கிளாடியா கோல்டின் தெளிவாக விளக்கியிருக்கிறார். பெண்களின் உழைப்புச் சந்தை பற்றிய ஆய்வுக்காக 2023-இல் பொருளியல் நோபல் பெற்றவர் அவர். எந்நேரமும் கூப்பிட்ட குரலுக்கு வரும் ஊழியருக்குச் சில தொழில்கள் மணிக்கணக்கை மிஞ்சிய சம்பளம் தருகின்றன. குழந்தை பிறந்த குடும்பத்தில் ஒருவர் அந்த வேலையில் தொடர, இன்னொருவர் வீட்டுக்கு வளைந்துகொடுக்கும் வேலையைத் தேர்கிறார். அந்த இன்னொருவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதால் சம்பள இடைவெளி நீடிக்கிறது. இதற்கு எதிரான எடுத்துக்காட்டாக அவர் காட்டுவது அமெரிக்க மருந்தாளுநர் தொழில். தகவல்கள் கணினியில் பொதுவாக இருப்பதால் ஒரு மருந்தாளுநரின் இடத்தில் இன்னொருவர் தடையின்றி நிற்க முடிகிறது, அதனால் குறைந்த நேரம் வேலை செய்பவருக்கு மணிக்கான சம்பளத்தில் பெரிய தண்டனை இல்லை. ஒருவரின் வேலையை இன்னொருவர் எடுத்துச் செய்யும்படி அமைப்பது நிறுவனத்தின் பொறுப்பு, ஊழியரின் மன உறுதியோடு அதற்குச் சம்பந்தமில்லை.

ஜெர்மானியத் தரவுகளை வைத்து இவோன் லாட், ஹீஜங் சங் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கசப்பான உண்மையைச் சொல்கிறது. வேலை நேரத்தைத் தாங்களே அமைத்துக்கொள்ளும் உரிமை கிடைத்தவர்கள் கூடுதல் நேரம் உழைக்கிறார்கள். அந்த உழைப்புக்குக் கூடுதல் வருமானமாகப் பலன் கிடைப்பது ஆண்களுக்கே. அதே உரிமையைப் பெண் கேட்டால், வேலையில் அக்கறை குறைந்துவிட்டது என்று மேலதிகாரி எண்ணும் பழக்கம் இன்னும் போகவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பெண் ஊழியர் சீக்கிரம் கிளம்பினால் “இவங்களுக்கு எப்பவும் ஏதாவது ஒண்ணு” என்பதும், அதே காரணத்தை ஆண் சொன்னால் “நல்ல அப்பா” என்பதும் நம் அலுவலகங்களில் அன்றாடம் காதில் விழுபவை. கிடைக்கும் நெகிழ்வைப் பயன்படுத்தப் பலர் தயங்குவதற்கு இந்தப் பேச்சே காரணம். விதிமுறையில் இருக்கிறது, எடுத்தவர் யாரும் இல்லை என்று மனிதவளத் துறை பெருமையோடு சொல்வதுண்டு. அது பெருமைப்பட வேண்டிய விஷயமன்று.

நம் சட்டத்தில் என்ன இருக்கிறது? 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரு குழந்தைகளுக்கான விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாயிற்று. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் வந்தது. விடுப்பு முடிந்த பின் வீட்டிலிருந்து வேலை செய்வதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. வேலையின் தன்மை இடம்கொடுத்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் மட்டுமே அது நடக்கும். கேட்டதற்கு இத்தனை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், மறுத்தால் காரணம் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் கொண்டுவந்த 156-ஆம் உடன்படிக்கையை இந்தியா ஏற்கவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் குடும்பப் பொறுப்பு பொது என்ற அடிப்படையில் எழுதப்பட்ட உடன்படிக்கை அது.

பெரிய செலவில்லாமல் உடனே செய்யக்கூடியது ஷிப்ட் பட்டியலை முன்கூட்டி அறிவிப்பது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் பெரிய சில்லறை வணிக, உணவு, விடுதி நிறுவனங்களுக்கு இதை 2017-இல் சட்டமாக்கி 2018-இல் அமலுக்குக் கொண்டுவந்தது. முதலில் ஏழு நாள் முன்னறிவிப்பு, 2020 முதல் பதினான்கு நாள். அதற்குப் பிறகு மாற்றினால் ஊழியருக்கு ஈட்டுத்தொகை தர வேண்டும். மாஸும் பல்லாய்ஸும் கண்ட அந்த 20 விழுக்காட்டை நினைத்துப் பார்த்தால், சம்பளத்தை ஒரு ரூபாய்கூட உயர்த்தாமல் ஊழியரின் வாழ்க்கையை இவ்வளவு மேம்படுத்தக்கூடிய ஏற்பாடு வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நம் துணிக்கடைகளிலும் மருத்துவமனைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் இதைக் கட்டாயமாக்கினால், பிள்ளையை யாரிடம் விடுவது என்ற ஏற்பாட்டையாவது ஒரு தாய் முன்னதாகச் செய்துகொள்ள முடியும். காப்பகமும் ஷிப்டோடு சேர்ந்து திறந்து ஷிப்டோடு சேர்ந்து மூட வேண்டும். மாலையிலேயே கதவடைக்கும் காப்பகம் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவருக்குப் பயன்படாது.

ஆண்களின் பக்கம் சட்டம் இன்னும் திரும்பவே இல்லை. 2017 திருத்தத்தில் தந்தைக்கென்று எதுவும் கிடையாது. மத்திய அரசின் ஆண் ஊழியருக்குக் குழந்தை பிறக்கும்போது 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் அதுவும் நிறுவனத்தின் விருப்பம். மகப்பேற்று விடுப்பை 26 வாரமாக உயர்த்திவிட்டுத் தந்தைக்கு ஒரு நாள்கூடத் தராத சட்டம், பெண்ணை வேலைக்கு எடுத்தால் செலவு என்று முதலாளி கணக்குப் போட இடம் கொடுக்கிறது, ஏனென்றால் ஈ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டின் வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குவோருக்கு அந்த 26 வாரச் சம்பளம் முழுவதும் முதலாளியின் தலையிலேயே விழுகிறது. அந்தச் செலவைக் காப்பீட்டின் வழியாகப் பொதுவில் பகிர்வதையும், தந்தைக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பைக் கட்டாயமாக்குவதையும் அடுத்த திருத்தத்தில் சேர்த்தே கேட்க வேண்டும்.